அன்றைக்கு அது உண்மைதான்

இருட்டிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. படபடவென்று ஒரு அடி, பிறகு ஒரு நீண்ட இழுப்பு, மறுபடி படபட. ஈரத் துணியைச் சுவரில் அடிப்பதுபோல, இல்லை, யாரோ மூச்சு முட்டி வாயால் காற்றை இழுப்பதுபோல. தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. தொட்டில் நின்றால் ஆதிரை முழித்துக்கொள்வாள், எட்டு மாதக் குழந்தைக்கு ஆட்டம் நிற்பதுதான் பெரிய சத்தம், அதனால் கை தானாக மறுபடி ஆட்டியது, காது மட்டும் எழுந்து வீட்டுக்குள் நடந்தது. சமையலறையா, மாடிப்படியா. கீழ்வீட்டார் பழனிக்குப் போயிருக்கிறார்கள். இவர் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு மண்டபம் பேசப் போனவர் இன்னும் வரவில்லை. நானும் குழந்தையும்தான். திருடன் என்று முதலில் தோன்றவே இல்லை, வளர்மதியக்கா என்றுதான் தோன்றியது. சென்னிமலையிலிருந்து பஸ் பிடித்து ஈரோட்டில் இறங்கி, இரண்டு மாடி ஏறி, வாசலுக்கு வெளியே மூச்சிரைக்க நிற்கிறார்கள், கூப்பிடத் தயங்கிச் சேலைத் தலைப்பால் முகத்தை விசிறிக்கொண்டு. அக்கா அப்படி வருகிற ஆளே இல்லை. வந்தால் திட்டுகிற ஆளும் இல்லை. பிறகு எதற்கு இந்தப் பயம்? திட்டினால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லலாம். திட்டாதவர்களுக்கு என்ன சொல்வது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு விளக்காகப் போட்டபடி போனேன். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனில் பால் கவர் ஒன்று மாட்டிக்கொண்டு துடித்துக்கொண்டிருந்தது. சுவிட்சை அணைத்துக் கவரை இழுத்துப் போட்டேன். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. சத்தம் நின்ற வீட்டில் அக்காவின் குரல் இன்னும் தெளிவாகக் கேட்டது. சாயங்காலம் போனில் பேசிய குரல் இல்லை, பழைய குரல், எத்தனையோ வியாழக்கிழமைகளில் நானே ஓடவிட்ட குரல். "இனிமே நான் வீடு வீடாப் போறதில்லீங்க!"

இன்றும் வியாழக்கிழமைதான். ஒன்பது மணிக்கு ஆன்லைன் மீட்டிங். கடையைப் பூட்டி, சாப்பிட்டுக் கை கழுவி, மக்கள் போனை எடுத்து உட்காருகிற நேரம் அதுதான் என்று இவர் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். இவர் பிசினஸ் கோச். வாசல் பலகையில் பூபதி என்ற பெயருக்குக் கீழே அப்படித்தான் இருக்கிறது, சிறுதொழில் வழிகாட்டி என்று தமிழிலும். வியாழக்கிழமை மீட்டிங்குக்குக் கட்டணம் கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம். முதல் அரை மணி என்னுடையது. வணக்கம் சொல்லி, வந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நம்மிடம் பயின்றவர்களின் பதிவுசெய்த பேச்சில் ஒன்றை ஓடவிட வேண்டும். பிறகு நான் எழுந்து குழந்தையை வாங்கிக்கொள்ள, இவர் வந்து உட்கார்ந்து பேசுவார், அதன் முடிவில் கட்டண வகுப்பில் சேருகிறவர்கள் சேருவார்கள். எங்கள் சோறு அந்த வியாழக்கிழமைகளில்தான் வேகிறது. "உன்ற குரல்ல ஒரு இது இருக்குது சிந்து, கேக்கறவங்களுக்கு நம்பலாம்னு தோணுது" என்று சொல்லித்தான் இவர் என்னை அதில் உட்காரவைத்தார். அந்த இது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். குன்னூர் கான்வென்ட்டில் பேச்சுப் போட்டிக்கு என்னைத் தயார் செய்தார்கள். போரில் மகனை இழந்த ஒரு தாய் பேசுவதாக எழுதிக்கொடுத்த ஆங்கிலப் பேச்சு. எந்த வாக்கியத்துக்குப் பின் நிறுத்த வேண்டும், எங்கே தொண்டையைக் கொஞ்சம் அடைக்க வேண்டும், எல்லாம் பென்சிலால் கோடு போட்டிருந்தது. முன்வரிசையில் ஒரு சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குள்ளே ஒன்றுமே இல்லை, அடுத்த கோடு எங்கே வருகிறது என்பது தவிர. கோப்பை கொடுத்தார்கள். மாரல் சயன்ஸிலும் நான்தான் முதல். கடைக்காரர் தவறுதலாக மிச்சம் அதிகம் கொடுத்துவிட்டால் நீ என்ன செய்வாய் என்று கேள்வி வரும். திருப்பிக் கொடுப்பேன், ஏனென்றால் என்று ஆரம்பித்து நாலு வரி. நேர்மை என்பது எனக்கு முழு மார்க் வாங்குகிற பாடமாக இருந்தது, அவ்வளவுதான், அந்தக் கேள்வியில் கடைக்காரருக்கு முகம் இருந்ததில்லை.

வளர்மதியக்காவுக்கு முகம் இருக்கிறது. அகலமான நெற்றி, வலது புருவத்தில் தாளிக்கும்போது கடுகு தெறித்த சின்ன வடு. கொள்ளுப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி. கையால் வறுத்து, பக்கத்து மில்லில் கூடவே நின்று அரைத்து, மொபெட்டில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். வாத்தியார் வீடுகள், பேங்க்காரர் வீடுகள், ஒரு வீட்டில் காரம் குறைவாக, ஒரு வீட்டில் பூண்டு இல்லாமல், எல்லாம் மனதில்தான். இவரிடம் பயிற்சிக்கு வந்தவர்களுக்கெல்லாம் இவர் ஒரு வாரம் வைத்திருக்கிறார், விடுதலை வாரம் என்று பெயர். அந்த வாரத்தில் உங்கள் நேரத்தைத் தின்கிற சின்ன வாடிக்கையாளர்களை நீங்களே கூப்பிட்டு, இனிமேல் என்னால் முடியாது என்று சொல்ல வேண்டும். சொல்லப் பழகினால்தான் பெரியது உள்ளே வரும் என்பார். நிறையப் பேர் சும்மா சொல்லிவிட்டேன் என்பார்கள், ரகசியமாகப் பழைய வாடிக்கையை வைத்துக்கொள்வார்கள், அவர்களெல்லாம் இன்று நன்றாக இருக்கிறார்கள். அக்கா அப்படிச் செய்யத் தெரியாதவர்கள். வாத்தியார் சொன்னால் செய்துவிடுகிற பிள்ளை மாதிரி, ஒரு வீடு விடாமல் கூப்பிட்டுச் சொன்னார்கள். ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தர், வாயில் வேறெதுவும் ருசிக்காதவர், "அப்ப நான் சோத்துக்கு என்னத்தப் போட்டுத் திங்கறது வளர்மதி" என்று கேட்டாராம். அதையும் அக்கா வகுப்பில் சொன்னார்கள், எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். அந்த வாரமே ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட் ஆர்டர் கொடுத்தது. அன்றுதான் அக்கா பேசினார்கள், இவர் போனில் பதிவு செய்தார். யாரும் எழுதிக்கொடுக்கவில்லை, கோடு போட்டுக் கொடுக்கவில்லை, மூச்சு விடாமல் சிரித்துக்கொண்டே, "இனிமே நான் வீடு வீடாப் போறதில்லீங்க! மொபெட்டுக்கு ரெஸ்ட் குடுத்துட்டனுங்க! கடை தேடி வந்திருச்சுங்க!" கேட்கிற யாருக்கும் எழுந்து ஏதாவது செய்யத் தோன்றும். எனக்கே தோன்றும்.

வீட்டில் வாங்குகிறவர்கள் ஒரு வாரத்தில் தின்று தீர்த்துவிடுகிற பொடி அது. கடை அலமாரியில் அது மாதக்கணக்கில் நின்றது. வேர்க்கடலை போட்டது எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை அடித்தது, மற்றது கட்டி தட்டியது. கடை பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பியது. பொடி எத்தனை நாள் தாங்கும் என்று இவர் கேட்கவில்லை, இதற்கு முன் லுங்கிக் கடை வைத்திருந்த இவருக்குப் பொடி கெடும் என்பது கேட்கத் தோன்றாத விஷயம். அக்கா சொல்லவில்லை, சார் படித்தவர், யோசித்துத்தான் சொல்லியிருப்பார் என்று இருந்துவிட்டார்கள். யார் மேல் தப்பு என்று நான் பிரித்துப் பார்க்கும்போதெல்லாம் இந்த இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறேன். தெரியாமல் சொன்னவர், நம்பிக் கேட்டவர். இரண்டு பேரும் நல்லவர்கள். நல்லவர்கள் இரண்டு பேருக்கு நடுவில் ஒரு தொழில் செத்துப்போய்க் கிடக்கிறது. பழைய வீடுகளுக்கே மறுபடி போகலாமே என்று அக்காவிடம் ஒரு தடவை கேட்டேன். "எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுக் கண்ணு போறது. நானாத்தானே வேண்டாம்னேன்" என்றார்கள். இப்போது ஒரு மெஸ்ஸில் வெங்காயம் உரிக்கிறார்கள். இங்கே ஒவ்வொரு வியாழக்கிழமையும் மொபெட்டுக்கு ரெஸ்ட் கொடுத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் போன் வந்தபோது முதலில் குழந்தையைத்தான் கேட்டார்கள். "பாப்பா தூங்குதா கண்ணு? தூங்கறப்பக் கூப்பிட்டுட்டனோ?" இல்லக்கா, முழிச்சுதான் இருக்கா என்றேன். அந்தப் பக்கம் பாத்திரம் விழுகிற சத்தம். "ஒண்ணுமில்ல கண்ணு. எங்க வீதியில கோகிலவாணின்னு ஒரு புள்ள, முறுக்கு கச்சாயம் சுட்டு வூடு வூடாக் குடுக்குது. நல்ல கைப்பக்குவம். இன்னைக்கு உங்க மீட்டிங்ல உக்காரப்போறேங்குது. வேண்டாம் அம்மணி, வூட்டு வாடிக்கையை உட்றாதேன்னு சொன்னேன். அதுக்கு அவ போனை எடுத்து, என்ற பேச்சை எனக்கே போட்டுக் காட்டறா கண்ணு! 'ஏனக்கா, நான் போட்டிக்கு வந்துருவேன்னு பயமா'ன்னு கேட்டுச் சிரிக்கறா." அக்காவும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு எங்கேயோ இறங்கிப்போய்விட்டது. "நான் உசுரோட முன்னால நின்னு சொல்றேன், நம்ப மாட்டேங்குது. போன்ல பேசறவளைத்தான் நம்புது. அந்தப் பேச்சை எடுத்துப் போடறயா கண்ணு? சார்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதே. மனசு சங்கடப்படுவாரு. நல்ல மனுசன்." சரிக்கா என்றேன். எதற்குச் சரி என்றேன்? எடுத்துப் போட்டால் தீர்ந்துவிடுமா? ஊர்ஊராகக் குரூப்களில் போய்விட்டது அது. கோகிலவாணியின் போனில் இருக்கிறது. நான் இன்றைக்கு அதை ஓடவிடாவிட்டாலும் அவள் சேருவாள், இவர் சொல்கிற வாரத்தில் ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு, 'அக்கா, இனிமே முறுக்கு இல்லீங்க' என்பாள், நாங்கள் கை தட்டுவோம்.

போன வாரம் இவரிடம் சொல்லிப் பார்த்தேன். தோசை ஊற்றிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டு, அப்படித்தான் எனக்குச் சொல்ல வரும். ஏங்க, வளர்மதியக்கா பேச்சை நிறுத்திடலாமா. "ஏன், அவங்க பொய்யா சொன்னாங்க?" இல்லீங்க. "நாம சொல்லிக்குடுத்துப் பேச வெச்சமா?" இல்ல. "அன்னைக்கு அது உண்மைதானே?" உண்மைதான். "அப்புறம் என்ன. நம்ம கல்யாண போட்டோவுல நான் ஒல்லியா இருக்கறேன். இப்ப இந்தத் தொப்பை. அதுக்காக போட்டோ பொய்யாயிருமா?" சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பைத்தான் இப்போது நினைத்தாலும் தாங்கவில்லை. தட்டில் தோசையைப் போடும்போது இன்னொன்றும் சொன்னார். "டாக்டர்கிட்டப் போறவங்க எல்லாருமா பொழச்சு வர்றாங்க? தொழில்னா நாலு பேர் விழத்தான் செய்வாங்க சிந்து." இரண்டு நாள் கழித்துக் குழந்தையின் துணியை அலசும்போதுதான் அதற்குப் பதில் வந்தது. செத்துப்போனவர் உயிரோடு இருந்தபோது சிரித்த சிரிப்பை எந்த டாக்டரும் வரவேற்பறையில் போட்டுவைப்பதில்லை. வந்து என்ன? யாரிடம் சொல்வது? என் பதில்கள் எல்லாம் ஈரக் கையோடு நிற்கும்போதுதான் வருகின்றன. அன்றைக்கு அது உண்மைதானே, அன்றைக்கு அது உண்மைதானே, துணியைப் பிழியப் பிழிய அந்த வாக்கியம்தான் முறுக்கிக்கொண்டு வந்தது. உண்மைதான். ஒரு உண்மை எப்போது கெட ஆரம்பிக்கும், அது எத்தனை நாள் தாங்கும் என்று யாரிடம் கேட்பது?

இவரிடம் சத்தமாகச் சொல்ல எனக்குப் பயம். அடிப்பார், திட்டுவார் என்ற பயம் இல்லை, அப்படிப்பட்டவராக இருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன். லுங்கிக் கடையை மூடின பிறகு இவர் முன்னறையில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். ஆதிரை வயிற்றில். எழுந்திருங்க என்றால் எழுந்தார், சாப்பிடுங்க என்றால் சாப்பிட்டார், மறுபடி சுவர். அந்த நாட்களில் நான் மொட்டைமாடிக் கொடிக்கயிற்றை அவிழ்த்து, மடித்து, என் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டு, துணிகளை நாற்காலி முதுகுகளில் காயப்போட்டேன். ஏன் என்று இவர் கேட்கவில்லை. கேட்காததிலிருந்து என் பயம் வீண் இல்லை என்று புரிந்தது. பிறகு ஒருநாள் குளியலறையில் இவர் பேசுகிற சத்தம் கேட்டது. கண்ணாடியைப் பார்த்து, நீ விழுந்தவன், எழுந்தவன் என்று. பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று கதவோரம் நின்றேன், வெளியே வந்தவர், "சிந்து, கொஞ்சம் காப்பி போடறியா" என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவராகக் கேட்ட முதல் காப்பி. அந்தக் கண்ணாடிப் பேச்சுதான் மெல்ல மெல்ல இந்த வேலையானது. நான் விழுந்தவன் என்று இவர் வியாழக்கிழமைகளில் சொல்வது பொய்யே இல்லை. இந்த வேலை மற்றவர்களைத் தூக்கிவிடுகிறதோ இல்லையோ, இவரைத் தூக்கி நிறுத்தி வைத்திருக்கிறது. அதில் ஒரு செங்கல்லை நான் உருவினால்? அக்காவுக்காக, முகம் தெரியாத ஒரு முறுக்குக்காரப் பெண்ணுக்காக, என் குழந்தையின் அப்பாவை மறுபடி அந்தச் சுவருக்கு அனுப்புவேனா? மாரல் சயன்ஸில் இந்தக் கேள்வி வரவில்லை. வந்திருந்தால் எனக்கு எழுதத் தெரிந்திருக்காது. ஆதிரை தோளிலேயே தூங்கிவிட்டாள், எச்சில் ரவிக்கையில் ஊறிச் சூடாக இருந்தது, அவளை இறக்கப் பயந்து நின்றுகொண்டே இருந்தேன். கோகிலவாணிக்குக் குழந்தை இருக்குமா. அவள் முறுக்கு பிழியும்போது யார் தோளில் அது தூங்கும்.

இவர் வந்தார். மண்டப வாடகை படிந்துவிட்டது, முகத்தில் வெளிச்சம். "என்ன அம்மணி, வூடு பூராம் லைட்டு எரியுது, ஈபிகாரனுக்கு மாமன் மகளா நீ?" சத்தம் கேட்டுச்சுங்க, பால் கவர் ஃபேன்ல மாட்டிக்கிச்சு என்றேன். "பயந்தாங்கொள்ளி" என்று என் தோளிலிருந்து குழந்தையை வாங்கினார். அவள் முழித்து, இவர் மூக்கைப் பிடித்து இழுத்தாள். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வளர்மதியக்கா, என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். இவர் குழந்தையின் கையை மூக்கிலிருந்து மெதுவாக எடுத்தார். "தெரியும்" என்றார். "மெஸ்ஸுக்குப் போறாங்கன்னு போன மாசமே கேள்விப்பட்டேன். கூப்பிட்டேன். எடுக்கல. எடுக்காததே நல்லதுன்னு வெச்சிட்டேன்." இவர் பார்வை ஒரு கணம், ஒரே ஒரு கணம், என்னைத் தாண்டிப் பின்னால் இருந்த சுவருக்குப் போனது. "இன்னைக்கு ஒரு நாள் அதையே போட்டுரு சிந்து. வேற யாரு பேச்சும் அவ்வளவு எடுபடறதில்ல. அடுத்த வாரம் மாத்திக்கலாம். மண்டபத்துக்குச் சொல்லியாச்சு." கெஞ்சுகிற குரல். தலையாட்டினேன். அடுத்த வாரமும் ஒரு வியாழக்கிழமை இருக்கும், அப்போதும் ஒரு மண்டபம் இருக்கும்.

மீட்டிங் நடக்கிற அறை சின்னது, எதிரொலி வராமல் இருக்கச் சுவரோடு மெத்தையை நிமிர்த்தி வைத்திருக்கிறோம். கம்ப்யூட்டரைத் திறந்தால் பெயர்கள் வரிசையாக வந்து காத்திருந்தன. டீக்கடை, செருப்புக்கடை, பந்தல்காரர் ஒருவர். நடுவில், கோகிலா முறுக்கு, சென்னிமலை. பெயரோடு தொழிலை ஒட்டிப் போட்டுக்கொண்டு, இன்னும் யாரும் கழற்றச் சொல்லாத பெயர். பேச்சு இருக்கிற ஃபைல் மேல் விரல் போனது. அமுக்கினால் போதும், அக்கா சிரிப்பார்கள், வெளியே இவரும் சிரிப்பார், இந்த வாரம் கடந்துவிடும். விரல் அங்கேயே நின்றது. பிறகு என் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, அந்தப் பேச்சை எடுத்தாப் போதாது. நீங்களே வந்து பேசறீங்களா. இப்ப. எல்லாரும் கேக்கற மாதிரி. லிங்க் அனுப்பறேன்." "நானா? என்னத்தக் கண்ணு பேசறது?" என்ன நடந்துச்சோ அதைத்தான்க்கா. எங்க மேல இருக்கற தப்பை மொதல்ல நானே சொல்லிடறேன். "சாரு?" வெளிய பாப்பாவோட இருக்காரு. "எல்லாரு முன்னாலயும் எனக்கு அழுகை வந்துரும் கண்ணு." வந்தாப் பரவாயில்லக்கா. எனக்கும்தான் வரும். "சேரி, அனுப்பு" என்றார்கள், பொடி வேண்டும் என்றால் சொல்கிற அதே சேரி.

பெயர்களின் கடைசியில் வளர்மதி என்று வந்தது, அதனோடு தொழில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. தொண்டையில் ஏதோ அடைத்தது, எந்தக் கோடும் போடாத இடத்தில். வெளியே இவர் குழந்தைக்கு யானை யானை என்று முதுகில் சவாரி காட்டிக்கொண்டிருந்தார், அவள் சிரிப்பு கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்தது. நான் பேச ஆரம்பித்தால் இவருக்குக் கேட்கும். கேட்டதும் வருவார். கோபமாக வரமாட்டார், கையில் குழந்தையோடு, அந்த முகத்தோடு வந்து வாசல்படியில் நிற்பார், அந்த முகத்தைப் பார்த்தால் நான் ஃபைலை அமுக்கிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். குழந்தை முதுகில் இருக்கிறவரை இவருக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு கணக்குப் போட்டேன், கணக்கா வேண்டுதலா, ஆண்டவரே, முருகா, யாராக இருந்தாலும் அவளை அரை மணி நேரம் அவர் முதுகிலேயே வைத்திரு. "சிந்து, ஆரம்பிச்சாச்சா?" என்றார் வெளியிலிருந்து. ஆரம்பிக்கறேங்க என்று எழுந்தேன். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த அறையின் தாழ்ப்பாளை யாரும் போட்டதில்லை, பெயிண்ட் அப்பி இறுகிப்போயிருந்தது. ஒரு கையால் அசையவில்லை. நெற்றியைக் கதவில் முட்டுக்கொடுத்து, அழுதுகொண்டே, இரண்டு கையாலும் தள்ளி, உள்பக்கமாகத் தாழ் போட்டேன்.